சூரிச்சிலிருந்து லண்டன் நாற்பது நிமிடம்

தொண்ணூறுகளின் நடுவில் என் அம்மாவும் அண்ணனும் ஒருவரோடு ஒருவர் கதைத்துக்கொண்டது மொன்றியலில், என் சமையலறையில். அம்மா லண்டனில் தங்கையோடு இருந்தார். அண்ணன் சுவிஸில், சூரிச்சுக்குப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஓர் உணவகத்துக்கு மேலே ஓர் அறையில் இருந்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்தது பிரான்சும் ஒரு துண்டுக் கடலும்தான். நான் அத்திலாந்திக்குக்கு இந்தப் பக்கம். ஆனாலும் அவர்களுடைய குரல்கள் இங்கே வந்து, என் வெங்காயத்தையும் பருப்பையும் தாண்டித்தான் மற்றப் பக்கம் போயின.

காரணம் லேசானது. ஐரோப்பாவுக்குள் தொலைபேசியில் ஒருவரையொருவர் எடுத்தால், காசுக்குப் பயந்து ஐந்து நிமிடத்தில் "சரி, வைக்கிறன்" வந்துவிடும். கனடாவிலிருந்து எடுப்பது மலிவு. அதோடு எங்கள் தொலைபேசியில் மூன்று பேர் ஒன்றாகக் கதைக்கிற வசதியும் இருந்தது. மொன்றியலில் நாங்கள் இருந்த பார்க் எக்ஸ்டென்ஷனில் எங்களுக்குத் தெரிந்த தமிழ் வீடுகள் எல்லாவற்றிலும் அது இருந்தது; கட்டில் இல்லாத வீட்டிலும் இருந்தது. முதலில் அண்ணனை எடுப்பேன். அவர் ஹலோ சொன்னதும் ரிசீவர் தொங்குகிற கொளுவியை ஒரு தட்டுத் தட்டி, லண்டனை எடுப்பேன். தங்கை எடுத்து அம்மாவிடம் கொடுத்ததும் இன்னொரு தட்டு. அவ்வளவுதான், மூன்று நாடும் ஒரு வயரில். ஒரே ஒரு சட்டம்: நான் ரிசீவரை வைத்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் அறுந்துவிடும். ஆகவே அவர்கள் கதைத்து முடியும்வரை நான் நிற்க வேண்டும்.

ஒவ்வொரு ஞாயிறும் காலை ஒன்பது மணிக்கு நான் நின்றேன். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு மரக்கறி வெட்டுவேன். வயர் அடுப்புவரை எட்டும், தண்ணீர்க் குழாய்வரை எட்டாது. கணவர் என்னை எக்ஸ்சேஞ்ச்காரி என்று கூப்பிடுவார். சம்பளமில்லாத வேலை என்றாலும் நான் அதில் கெட்டிக்காரி. சுவரில் இருந்தது ஒரேயொரு மணிக்கூடு. அதைப் பார்த்து லண்டனுக்கு ஐந்து கூட்டுவேன், சூரிச்சுக்கு ஆறு கூட்டுவேன். அம்மா சாப்பிட்டுப் படுத்து எழும்பிய நேரமா, அண்ணனுக்கு மத்தியான வேலை முடிந்து மாலை வேலை தொடங்காத நேரமா என்று எல்லாம் என் தலைக்குள் ஓடும். ஒருநாளும் பிழைத்ததில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

அம்மாவுக்கு அண்ணன்தான் பிள்ளை, நானும் தங்கையும் பெண்பிள்ளைகள். இதை நான் குறையாகச் சொல்லவில்லை என்று சொன்னால் பொய். அரை மணித்தியாலம் அவரோடு கதைப்பார். என்ன சாப்பிட்டாய், குளிருக்கு என்ன போடுகிறாய், தலைமயிர் கொட்டுகிறதா, முதலாளி ஏசுகிறானா. பனிக்காலத்தில் இரண்டு பஸ் மாறி செயின்ட்-மிஷேலில் இருந்த தையல் தொழிற்சாலைக்குப் போய்வந்த என்னிடம் ஒரே ஒரு கேள்விதான். நடுவில் எங்கேயாவது வயரில் கரகர என்று சத்தம் வந்தால் கேட்பார்: "பிள்ளை, நிக்கிறியோ?" நான் "ஓம் அம்மா" என்பேன். திரும்பவும் அண்ணனிடம் போய்விடுவார்.

அண்ணனுக்கு சுவிஸில் நிரந்தரமாக இருக்க விசா கிடைத்துவிட்டது என்பதுதான் எங்கள் குடும்பத்தின் பெரிய நல்ல செய்தி. அம்மா லண்டனுக்கு வருவதற்காகக் கொழும்பு லொட்ஜ் ஒன்றில் காத்துக் கிடந்த காலத்தில் அண்ணன் அதைச் சொன்னார். அன்றைக்கே அம்மா ஆளனுப்பிக் கோயிலில் நூற்றெட்டுத் தேங்காய் உடைப்பித்தார். பிறகு அம்மா லண்டன் வந்து சேர்ந்தார். மூன்று வருடமாக அண்ணன் "அடுத்த கோடைக்கு வாறன் அம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளி லீவு தருகிறான் இல்லை, ஆள் போதாது, வருகிற மாதம் கட்டாயம். அம்மா எல்லாவற்றையும் நம்பினார். நானும் நம்பினேன், ஆனால் எரிச்சலோடு நம்பினேன்.

பிறகு அம்மாவுக்கு வருத்தம் வந்தது. வயிற்றில் தொடங்கியது ஈரலுக்குப் போய்விட்டது என்றும், வைத்தியர்கள் இனிக் கிழமைக் கணக்கில்தான் சொல்கிறார்கள் என்றும் தங்கை சொன்னாள். ஆஸ்பத்திரியில் வைத்திருக்க விருப்பமில்லாமல் வீட்டுக்குக் கொண்டுவந்து முன்னறையில் கட்டில் போட்டிருந்தார்கள். அம்மாவுக்கு விஷயம் தெரியும். ஒளிக்க வேண்டாம் என்று அவரே கேட்டுத் தெரிந்துகொண்டார். அதற்குப் பிறகு அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: மகனை ஒருதரம் பார்க்க வேண்டும்.

என்னால் போக முடியாது. என் அகதி வழக்கு முடிந்திருக்கவில்லை. நாட்டை விட்டு வெளியே போகலாம், யாரும் மறிக்க மாட்டார்கள், ஆனால் திரும்பி உள்ளே வர முடியாது என்று வழக்கறிஞர் மிக மரியாதையாகச் சொன்னார். அவருடைய அலுவலகத்திலிருந்து வீடு வரும்வரை மெட்ரோவில் அழுதுகொண்டு வந்தேன். ஒரு பெண் எழுந்து இடம் தந்தாள், நான் பிள்ளைத்தாய்ச்சி என்று நினைத்திருப்பாள் போல. நானும் மெர்சி சொல்லிவிட்டு இருந்து அழுதேன்.

எனக்குப் போக வழியில்லை, சரி. வழியுள்ளவர் ஏன் போகவில்லை? இந்தக் கேள்வி எனக்குள் புளித்துப் பொங்கத் தொடங்கியது. ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது ஜோன் தலோன் தெருவில் இருந்த டிக்கெட் கடை ஒன்றுக்குள் நுழைந்தேன். கடைக்காரர் சென்னைப் பக்கத்து மனிதர், பல வருடமாக இங்கே இருப்பவர். நான் டிக்கெட் எடுக்கப் போகவில்லை. அண்ணனோடு சண்டை பிடிப்பதற்கு ஆதாரம் எடுக்கப் போனேன். சூரிச்சிலிருந்து லண்டனுக்கு எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அவர் யாரோடோ தொலைபேசியில் இருந்தார். ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, "எண்ணூறு கிலோமீட்டர்கூட இருக்காதும்மா. காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இறக்கிடுவான்" என்று சொல்லிவிட்டு, விமான நேரங்கள் போட்ட தடித்த புத்தகத்தைப் புரட்டி என் பக்கம் திருப்பிவைத்தார். விரல் வைத்த இடத்தில் இருந்தது: காலை 9.00 புறப்பாடு, 9.40 வருகை.

கைப்பையில் இருந்த, தொழிற்சாலையில் சட்டைக்குக் கட்டுகிற ஒரு அட்டையின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். நாற்பது நிமிடம். எண்ணூறு கிலோமீட்டர் என்றால் இங்கேயிருந்து டொரொன்டோவுக்குப் போய், பாதி வழி திரும்பி வருகிற தூரம். அதை ஒரு விமானம் நாற்பது நிமிடத்தில் தாண்டுமா என்று நான் யோசிக்கவில்லை. எனக்குத் தெரிந்த விமானங்கள் ஊரில் குண்டு போட வந்தவைதான். அவை கண் மூடித் திறக்கமுன் வந்துபோகும். நான் ஏறியது வாழ்க்கையில் ஒரு தரம், அதுவும் பொய்ப் பாஸ்போட்டோடு, பயத்தில் நேரம் பார்க்காமல். அதோடு எனக்குக் கோபம். கோபத்தோடு பார்க்கிறவளுக்கு வேண்டியது மட்டும்தான் கண்ணில் படும்.

திங்கட்கிழமை அண்ணனுக்கு ஓய்வுநாள். வேலைக்குப் போகமுன் அவரை எடுத்து, அந்த அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பேசினேன், பேசினேன், மூச்சு விடாமல் பேசினேன். எனக்குப் போக ஏலாது, நான் போனால் தெருவில் நிற்பேன், உங்களுக்கு என்ன குறை என்றேன். "நாப்பது நிமிசம் அண்ணை. எனக்கு இஞ்ச ஃபாக்டரிக்குப் போக ஐம்பது நிமிசம்."  பார்ப்பம் என்றார் அவர். மற்ற ஞாயிறு வரட்டும் என்று பொறுத்தேன்.

ஞாயிறு வந்தது. இரண்டு பேரையும் இணைத்துவிட்டு, வழக்கம்போல் ஒதுங்கி நிற்காமல் நடுவில் புகுந்தேன். அம்மா, நான் விசாரித்துவிட்டேன், விமானத்தில் நாற்பது நிமிடம்தான் என்று சொன்னேன். அண்ணனை அம்மாவுக்கு முன்னால் மடக்க வேண்டும் என்பதுதான் எண்ணம்.  அம்மாவின் குரலில், வருத்தம் வந்த பிறகு நான் கேட்காத ஒரு தெளிவு வந்தது.

"நாப்பது நிமிசமோ? கொடிகாமத்தால யாழ்ப்பாணம் போறதுக்கே அதைவிடக் கூட எல்லே."

அண்ணனின் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை. வெட்கப்படட்டும் என்று நினைத்தேன். கரட்டை எடுத்து வெட்டத் தொடங்கினேன்.

நான் நினைத்தது நடக்கவில்லை. அம்மாவுக்கு அண்ணன்மேல் கோபமே வரவில்லை. நாற்பது நிமிடம் என்பதை அவர் ஒரு பரிசாக எடுத்துக்கொண்டார். அதுவரை சுவிஸ் என்பது அவருக்குப் பனியும் மலையும் தெரியாத மனிதரும் நிறைந்த ஏதோ ஒரு தொலைவு. இப்போது மகன் பக்கத்தில் இருந்தான். பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அதைச் சொன்னாராம். மகன் சுவிஸிலதான், நாற்பது நிமிடம், நினைத்தால் வந்துவிடுவான். சமையலறை மணிக்கூட்டைக் கழற்றித் தன் கட்டிலுக்கு எதிரே மாட்டச் சொன்னாராம். நாலு கரண்டி கஞ்சி கூடக் குடிக்கிறார் என்று தங்கை சொன்னாள். எனக்குள் கொஞ்சம் பெருமையும் வந்தது. இவ்வளவு தூரத்திலிருந்து நானும் ஏதோ செய்தேன் என்று நினைத்தேன்.

அடுத்த கிழமை அண்ணன் தானாக என்னை எடுத்தார். அதுவரை அவர் என்னை எடுத்ததே இல்லை. தனக்கு விசா இல்லை என்று சொன்னார். ஒருநாளும் இருந்ததில்லை. இரண்டு தரம் மறுத்துவிட்டார்கள், மேன்முறையீடு ஒன்று கிடக்கிறது. கையில் இருப்பது அடிக்கடி பொலிசில் கொண்டுபோய்ப் புதுப்பிக்க வேண்டிய ஒரு கடதாசி; அதை வைத்துக்கொண்டு சுவிஸை விட்டு வெளியே காலடி வைக்க முடியாது. லண்டனுக்கு விமானம் ஏறவே விடமாட்டார்கள். கொழும்பு லொட்ஜில் இருந்து அம்மா ஒவ்வொரு நாளும் அழுகிறார் என்று கேள்விப்பட்டு, ஆறுதலுக்குச் சொன்ன பொய்யாம். விசா கிடைத்த பிறகு மெய்யாகிவிடும் என்று நினைத்தாராம்.

"நூற்றெட்டுத் தேங்காய் உடைச்சாப் பிறகு என்னண்டு பிள்ளை இல்லையெண்டு சொல்லுறது?"

சிரித்துவிட்டேன். பிறகு ரிசீவரை வைத்துவிட்டு நிலத்தில் இருந்தேன். அம்மாவுக்குச் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருந்தார். சொன்னால் அந்த யோசனையோடுதான் அவர் போவார். சொல்லாவிட்டால் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு போவார். அந்த மணிக்கூட்டை மாட்ட வைத்தது நான். ஒரு வாரம் முன்பு அந்த நாற்பது நிமிடம் என் வாயிலிருந்து போயிருக்காவிட்டால் அண்ணனின் பொய் தூரமாக, மங்கலாக, பாவமில்லாமல் கிடந்திருக்கும். இப்போது அதற்கு நேரம் குறித்துவிட்டேன். திரும்ப எடுக்க ஒரு வழியும் இல்லை.

தங்கையிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். அவளுக்கு ஒளிக்கத் தெரியாது. மனதில் உள்ளது முகத்தில் நிற்கும், அந்த முகத்தைத்தான் அம்மா நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டு கிடந்தார். ஆகவே சொல்லவில்லை. இன்னும் இரண்டு ஞாயிறு வந்தது. இரண்டு ஞாயிறும் அவர்களை இணைத்தேன். அண்ணன் வருகிறேன் என்றார், அம்மா சரி ராசா என்றார், நான் கீரை ஆய்ந்தேன். பொய்க்கு வயர் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

அது ஒரு திங்கட்கிழமை. காலை ஆறு மணிக்குக் கொஞ்சம் பிந்தித் தொலைபேசி அடித்தது. வெளியே இன்னும் சரியாக விடியவில்லை, பனி கொட்டிக்கொண்டிருந்தது. தங்கை. தாதி வந்து பார்த்துவிட்டு இன்றைக்கு என்று சொல்லிவிட்டாளாம். அம்மாவுக்கு இரண்டு நாளாகக் கண் சரியாகத் தெரியவில்லை, ஆனால் நினைவு தெளிவாக இருக்கிறது, அண்ணனைத்தான் கேட்கிறார், அண்ணனைப் பிடி அக்கா என்றாள். பிடித்தேன். முதல் அடியிலேயே எடுத்தார். விஷயத்தைச் சொன்னேன்.  இணை பிள்ளை என்றார்.

இணைத்தேன். தங்கை ரிசீவரை அம்மாவின் காதில் வைத்தாள்.

"அம்மா, நான் ஏர்போட்டில நிக்கிறன். இப்ப ஏறப்போறன்."

அவர் அப்படிச் சொல்லப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் மறித்திருப்பேனா என்பதும் தெரியாது. நான் சுவரைப் பிடித்துக்கொண்டு மணிக்கூட்டைப் பார்த்தேன், பழக்கத்தில். ஆறு இருபத்தைந்து.

"ஏறப்போறியோ? சரி ராசா." அம்மா ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். "நாப்பது நிமிசம். நான் கிடக்கிறன், வா."

தங்கை நம்பிவிட்டாள். ஏன் நம்பமாட்டாள்? அவள் தன் கணவரைக் கூப்பிட்டு உடனே ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் போகச் சொன்னது கேட்டது. கார்த் திறப்பு, சப்பாத்து, வாசல் கதவு, எல்லாம் கேட்டது. போக வேண்டாம், அங்கே யாரும் வந்து இறங்கப்போவதில்லை என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. வாய் இருந்தது. நான் சொல்லவில்லை. அதற்கு ஒரு நல்ல காரணம் இன்றுவரை தேடுகிறேன், கிடைக்கவில்லை.

அண்ணன் விமானத்தில் ஏறிவிட்டார் என்பதால் அவர் இனிக் கதைக்க முடியாது. ரிசீவரை அம்மாவின் தலையணையிலேயே வைத்துவிடு, நான் நிற்கிறேன் என்று தங்கையிடம் சொன்னேன். அண்ணனும் வைக்கவில்லை. சூரிச் பக்கத்தில் தன் அறையில், தன் ரிசீவரைப் பிடித்துக்கொண்டு, ஆகாயத்தில் இருப்பவராக, சத்தம் போடாமல் நின்றார். நான் சமையல் துவாயைச் சுருட்டிப் பேசுகிற பக்கத்தில் கட்டினேன். எங்கள் வீட்டுச் சூடாக்கிக் குழாய் காலையில் டொக் டொக் என்று அடிக்கும். கணவர் எழும்பி வந்து என் முகத்தைப் பார்த்தார். எங்கள் தொலைபேசி பிடிபட்டிருந்ததால், என் தொழிற்சாலைக்கு அறிவிக்கக் கீழே தெப்பனூர் என்று இங்கே சொல்கிற மூலைக்கடைக்குப் போனார், அங்கே ஒரு தொலைபேசி இருந்தது.

அப்படி நின்றோம். அம்மாவின் மூச்சு காதுக்குள் வந்துவந்து போனது. தங்கை தேவாரம் சொன்னாள், இடையில் மறந்து முதலிலிருந்து தொடங்கினாள். தண்ணீரில் பஞ்சு நனைத்து உதடு துடைக்கிறேன் என்று அம்மாவிடம் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன், அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒரே வயரில் மூன்று பிள்ளைகளும் அம்மாவோடு இருந்தோம். ஒருத்தியால் மட்டும்தான் தொட முடிந்தது.

ஏழு மணி ஆனபோது அண்ணனின் பக்கத்தில் தேவாலய மணி அடித்தது. அங்கே பகல் ஒரு மணி. அவருடைய அறைக்குப் பின்னால்தான் அந்தத் தேவாலயம், ஞாயிற்றுக்கிழமைகளில் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அவர் பொத்துவதற்குள் அது போய்விட்டது, சூரிச்சிலிருந்து மொன்றியலுக்கு வந்து லண்டனில் அம்மாவின் தலையணைக்கு.

அம்மா சொன்னார்: "எங்கையோ மணி அடிக்குது."

தங்கை அப்படி ஒன்றும் இல்லை என்றாள். அவளுக்குக் கேட்டிருக்காது. அம்மா அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அவரும் அந்த மணியை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டவர்தான். என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள இனி ஒரு வழியும் கிடையாது.

ஏழே காலுக்குக் கிட்ட, ரிசீவருக்கு மிக அருகில் அவருடைய குரல் வந்தது.

"பிள்ளை, நிக்கிறியோ?"

துவாயை இழுத்து எறிந்தேன். "ஓம் அம்மா. நிக்கிறன்."

"நாப்பது ஆச்சோ?"

மணிக்கூடு எனக்கு எதிரே இருந்தது. ஏழு பன்னிரண்டு. நாற்பது முடிந்து ஏழு நிமிடம். அம்மாவின் மணிக்கூடு அம்மாவுக்கு எதிரே இருந்தது, ஆனால் கண் தெரியவில்லை. தங்கையைக் கேட்காமல் என்னைக் கேட்டார். வாழ்நாளில் முதல்தடவையாக அம்மாவுக்கு என்னிடமிருந்து ஒன்று தேவைப்பட்டது.

"இன்னும் இல்லை அம்மா. இன்னும் பத்து நிமிசம் கிடக்கு."

"சரி," என்றார்.

கொஞ்ச நேரத்தால் இன்னொரு தரம் கேட்டார். இன்னும் பத்து நிமிடம் என்றுதான் திரும்பவும் சொன்னேன். மூன்றாம் தரம் கேட்டால் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டு நின்றேன். அவர் கேட்கவில்லை. மூச்சுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. ஒரு இடைவெளி முடியவே இல்லை. பிறகு தங்கை அம்மா என்று கத்தினாள். ஏழு இருபத்தைந்து.

தங்கை எப்போது ரிசீவரை எடுத்தாள், என்ன சொன்னாள் என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. போயிட்டா அக்கா, அண்ணை இன்னும் வரேல்லை அக்கா என்று அழுதாள் என்று நினைக்கிறேன். வேறு யார்யாருக்கோ சொல்ல வேண்டும் என்று அவள் வைத்துவிட்டாள்.

பிறகு நடந்ததை ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். உண்மை அன்றைக்கே தங்கைக்குத் தெரிந்தது. இரண்டு வருடம் அவள் எங்கள் இருவரோடும் கதைக்கவில்லை, அது நியாயம்தான். கொள்ளிவைக்க மகன் வரவில்லை. அவளுடைய கணவர்தான் தகனச்சாலையில் பொத்தானை அமத்தினார். அந்த நல்ல மனிதர் செத்தவீட்டு வீடியோவை எங்களுக்கும் அனுப்பினார். அண்ணனின் வீடியோப் பெட்டியில் அது ஓடியது. லண்டனில் எடுத்த கசெட் கனடாப் பெட்டியில் ஓடாது என்பது எங்களுக்குத் தெரியாது. என்னுடையதில் வெறும் கோடுகோடாக வந்தது. அதையும் கடைசிவரை இருந்து பார்த்தேன்.

அன்று காலை, தங்கை வைத்த பிறகு, வயரில் நானும் அண்ணனும் மட்டும் மிஞ்சினோம். அவர் அழுதார். ஆண்பிள்ளை அழுவதை நான் அப்படிக் கேட்டதில்லை. நானும் அழுதேன். பிறகு எனக்குத் தாங்க முடியாமல், என்னால்தான், அந்த நாற்பது நிமிடத்தைச் சொன்னது நான்தான் என்றேன். நாற்பது முடிந்த பிறகும் இல்லை இல்லை என்று அம்மாவை ஏமாற்றினேன் என்றேன்.

"முடியேல்லை பிள்ளை," என்றார் அண்ணன். "நாப்பது நிமிசம் இல்லை. ஒரு மணித்தியாலமும் நாப்பதும். லண்டன் எங்களுக்கு ஒரு மணித்தியாலம் பின்னுக்கெல்லே."

ஒன்பது மணி சூரிச்சின் ஒன்பது. ஒன்பது நாற்பது லண்டனின் ஒன்பது நாற்பது. ஒவ்வொரு ஞாயிறும் ஐந்தும் ஆறும் கூட்டி, ஒருநாளும் பிழைக்காமல், இரண்டு ஊருக்கும் நேரம் பார்த்துக் கொடுத்தவள் நான். அந்த ஒரு மணித்தியாலத்தைக் கையில் வைத்துக்கொண்டே தொலைத்தேன். ஒன்றும் நாற்பதும் என்று சொல்லியிருந்தால் அம்மா ஒன்றும் நாற்பதும் பிடித்து வைத்திருப்பாரா? இது விசர்க் கேள்வி என்று தெரியும். எத்தனையோ வருடமாக இதே விசர்க் கேள்விதான்.

உங்களுக்கு அது முன்பே தெரியுமா என்று கேட்டேன். நெடுகத் தெரியும் என்றார். அந்த விமானம் புறப்படுகிற நேரம், இறங்குகிற நேரம் எல்லாம் வருடக்கணக்காகத் தனக்குப் பாடம் என்றார். அப்படியென்றால் அன்றைக்கு, அந்த ஞாயிறு, நான் அம்மாவுக்குப் பிழையாகச் சொன்னபோது ஏன் திருத்தவில்லை என்று கேட்டேன். எனக்குக் கோபம் வந்தது. அந்த நேரத்திலும் வந்தது.

"அம்மா சந்தோசப்பட்டவா பிள்ளை. நான் அவ்வளவு கிட்ட இருக்கிறன் எண்டு."

 கணவர் தெப்பனூரிலிருந்து திரும்பி வந்து, தலையில் பனியோடு கதவடியில் நின்றார். நான் கையைக் காட்டினேன், அவருக்கு விளங்கியது. வைக்கலாமா என்று அண்ணன் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நான் வைத்தால் அவர்கள் இரண்டு பேருக்கும் அறுந்துவிடும் என்ற பழைய பயம் இன்னும் என் கையில் இருந்தது. அண்ணன் எதற்கோ காத்துக்கொண்டு நிற்கிறார் என்று மட்டும் தெரிந்தது. ஹீத்ரோவில் தங்கையின் கணவர் வருகை வாசலில் நின்று, வெளியே வருகிற முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார்.

எங்கள் மணிக்கூட்டில் எட்டு ஐந்து ஆனது, ஆறு இருபத்தைந்திலிருந்து ஒரு மணித்தியாலமும் நாற்பதும்.

"இப்ப இறங்கியிருப்பன்," என்றார் அண்ணன். பிறகு வைத்தார்.